கடலில் போட்ட டெலிபோன்

என் வயதுக்காரர்களே, உங்களில் யாருக்காவது முதன்முதலாகக் கரண்ட் ஷாக் அடித்த நாள் நினைவிருக்கிறதா? எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. போர்ட் பிளேரில், பள்ளிக்கூடத்தில், இன்ஸ்பெக்டரின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தபோது அடித்தது. அவர் கை வேர்த்திருந்தது. “ஐயோ அம்மா” என்று முதலில் கத்தியவர் அவர்தான், நான் இல்லை. ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. இருந்தாலும் இந்த ஒரு விஷயத்தில் நான் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

அறுபதுகளின் நடுப்பகுதி அது. எந்த வருஷம் என்று கேட்காதீர்கள், கணக்கில் நான் என்றுமே மட்டம். எனக்குப் பதினோரு வயது. அப்பாவுக்குச் சர்க்கார் ஸ்டோரில் கிளார்க் வேலை கிடைத்து, சேலத்திலிருந்து கிளம்பிக் கப்பலேறி நாங்கள் வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. மின்னி பே பக்கத்தில் தகரக்கூரை போட்ட மரவீடு. மழை பிடித்துக்கொண்டால் வீட்டுக்குள் ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்காது. அங்கே மழை வருஷத்தில் எட்டு மாதம். அதனால்தான் நம் வீட்டில் சண்டை குறைவு என்று அம்மா சொல்லுவாள்.

அந்த வருஷம்தான் எங்கள் பள்ளியின் தமிழ்ப் பிரிவுக்கு சயின்ஸுக்கென்று தனியாக ஒரு டீச்சர் வந்தார். இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயது இருக்கும். கப்பலில் நான்கு நாளும் வாந்தியெடுத்து, காய்ந்த கருவேப்பிலை மாதிரி வந்து இறங்கினார். மறுநாளே வகுப்பில் நின்றுகொண்டு, “இந்த வருஷம் காந்தமும் மின்சாரமும். எல்லாத்தையும் கையால செஞ்சு பாக்கப்போறோம். சாமான் பின்னாலேயே அடுத்த கப்பல்ல வருது” என்றார். நாங்கள் கையால் செய்து பார்த்த ஒரே பாடம் அதுவரை தையல்தான்.

அடுத்த கப்பலில் பெட்டி வந்தது. பியூன் சுத்தியலால் மூடியை நெம்பினார். நாங்கள் நாற்பது பேரும் ஒருவர் மேல் ஒருவர் ஏறி எட்டிப் பார்த்தோம். உள்ளே ஆறு ஃபுட்பாலும் காற்றடிக்கிற பம்பும் இருந்தன. மூடியைத் திருப்பினால் கார் நிக்கோபார் தீவில் இருக்கிற பள்ளிக்கூடத்தின் முகவரி. எங்கள் காந்தப் பெட்டி அங்கே போய்விட்டது. பந்துக்காகக் காத்திருந்த நிக்கோபார் பிள்ளைகள் லாடக் காந்தத்தைக் கையில் வைத்துக்கொண்டு எங்களை என்னவெல்லாம் திட்டினார்களோ தெரியாது. பெட்டியை மாற்றிக்கொள்ளக் கடிதம் போய், பதில் வந்து, கப்பல் கிடைத்து, எல்லாம் ஆக ஆறு மாதம் பிடிக்கும் என்றார்கள்.

ஹெட்மாஸ்டர் பெரிய சாருக்கு அதில் கவலையே இல்லை. அவர் வடக்கத்திக்காரர், எங்களிடமும் ஹிந்தியில்தான் பேசுவார். “கித்தாப் ஹை நா, மேடம்ஜி? கித்தாப் ஸே படாவோ” என்றார். புத்தகம்தான் இருக்கிறதே, அதை வைத்து நடத்துங்கள் என்று அர்த்தம். அதைச் சொன்ன வாயால் இன்னொன்றும் சொன்னார். மழை விடுவதற்குள் மெயின்லாண்டிலிருந்து இன்ஸ்பெக்டர் வருகிறார். சயின்ஸ் டீச்சர் போஸ்ட் தற்காலிகம்தான். செய்முறை எதுவும் நடக்கவில்லை என்று அவர் எழுதிவிட்டால் போஸ்ட் போய்விடும், டீச்சரும் வந்த கப்பலிலேயே ஊருக்குப் போக வேண்டியதுதான்.

டீச்சர் அன்று சாயங்காலம் எங்கள் வீட்டுக்கு வந்து அம்மாவிடம் காபி வாங்கிக் குடித்துக்கொண்டே இதைச் சொன்னார். “எங்கண்ணன் அப்பவே சொன்னான், தீவுக்கெல்லாம் போகாதே, ரெண்டே மாசத்துல அழுதுகிட்டு வருவேன்னு. இப்பப் போய் நின்னா ‘நான் சொன்னேன்ல’ம்பான். அதக் கேக்கறதுக்குக் கப்பல்லயே கலாசி வேலைக்குச் சேந்துடுவேன் அக்கா.” அம்மா சிரித்தாள். டீச்சரும் சிரித்தார். ஆனால் காலியான டம்ளரை அவர் மறுபடியும் மறுபடியும் வாயில் வைத்துக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன். எனக்கு டீச்சரை ரொம்பப் பிடிக்கும். அவர் போய்விட்டால் நானும் பள்ளிக்கூடம் போவதில்லை என்று அன்றே முடிவு செய்துவிட்டேன்.

மறுநாளிலிருந்து வேட்டை தொடங்கியது.

முதல் சோதனைக்குச் சாமானே தேவையில்லை என்று புத்தகம் சொன்னது. சீப்பைத் தலைமுடியில் பத்துத் தரம் தேய்த்து, காகிதத் துணுக்குகளின் அருகே கொண்டுபோனால், மின்சாரம் அவற்றைத் தூக்கும். டீச்சர் என்னைக் கூப்பிட்டு நிறுத்தித் தேய்த்தார். பத்துத் தரம், இருபது தரம். காகிதம் அசையவே இல்லை. அந்தப் புத்தகத்தை எழுதியவர் அந்தமான் மழையில் ஒரு நாளும் நனைந்திருக்க மாட்டார். எங்கள் ஊரில் ஜாடியில் இருக்கிற உப்பே தண்ணீர் விட்டுக்கொள்ளும். டீச்சர் சளைக்காமல் சீப்பைக் காகிதத்தின் மேலேயே அழுத்தினார். அப்போது மூன்று துணுக்குகள் ஒட்டிக்கொண்டு வந்தன. சரியாக அந்த நேரம் வாசலில் வந்து நின்ற பெரிய சார், “அரே வா!” என்று வாய் பிளந்துவிட்டுப் போனார். துணுக்குகளைத் தூக்கியது மின்சாரம் அல்ல, அம்மா காலையில் என் தலையில் கவிழ்த்த தேங்காய் எண்ணெய். இதை இன்றுவரை யாரும் அவரிடம் சொல்லவில்லை.

என் பெஞ்சில் பக்கத்தில் உட்காருபவள் கடை பாயின் மகள். அவள் வாப்பாவுக்கு பஜாரில் மளிகைக் கடை, வீட்டுப் பின்புறத்தில் தேங்காய்க் கொப்பரை காய வைக்கிற கொட்டகை. ராமநாதபுரத்துக்காரர்கள். அவள் கடையில் தூக்கிப்போட்ட டார்ச் செல்களைப் பாவாடையில் அள்ளிக்கொண்டு வந்தாள். செத்த செல்லை வெயிலில் வைத்தால் கொஞ்சம் உயிர் வரும் என்று உங்களுக்கும் தெரிந்திருக்கும். வெயிலுக்குத்தான் எங்கே போவது? என்றைக்காவது அரை மணி நேரம் அடித்தால், பல்பு ஒரு தரம் கண் சிமிட்டிவிட்டு அணைந்துவிடும். படகுப் பட்டறையில் கூட்டித் தள்ளிய இரும்புத் தூள் இரண்டு டப்பா வந்தது. ஆணி வந்தது, குண்டூசி வந்தது. கல்யாணத்துக்கு எல்லாம் தயார், மாப்பிள்ளை மட்டும் வரவில்லை. காந்தம் என்று ஒன்று ஊரில் எங்குமே கிடைக்கவில்லை.

அப்படியிருக்கும்போதுதான் ஒரு நாள் சாப்பிடும்போது அப்பா பேச்சுவாக்கில் சொன்னார், ஆபீஸ்களில் கைப்பிடி சுற்றிப் பேசுகிற பழைய டெலிபோன்கள் ஏழு கண்டம் ஆகிவிட்டன என்று. கண்டம் என்றால், பழுதாகிவிட்டது, இனி உதவாது என்று கமிட்டி கூடி எழுதிக் கழித்துவிட்டது என்று பொருள். நான் அதைக் காலையில் டீச்சரிடம் சொன்னேன். அவர் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார்.

“ஏய், அதுக்குள்ள லாடக் காந்தம் வரிசையா நிக்கும்டி. நடுவுல கம்பிச்சுருள். கைப்பிடியச் சுத்தினா செல்லே இல்லாம கரண்ட் வரும். நம்ம பாதிப் புத்தகம் அந்த ஒரு பொட்டிக்குள்ள இருக்கு!”

டீச்சர் அப்பாவுக்கு அழகான கையெழுத்தில் ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார். அப்பா அதை இரண்டு தரம் படித்து, நான்காக மடித்தார்.

“முடியாது கண்ணு. கண்டம் ஆன சாமான யாருக்கும் குடுக்கக் கூடாது. ரூல் அப்படி. ஒடச்சு, ரெண்டு சாட்சி வச்சுக் கடல்ல போடணும். போட்டேன்னு எழுதிக் கையெழுத்துப் போடணும்.”

“யாருக்கும் வேண்டாம்னுதானேப்பா போடறீங்க? டீச்சருக்கு வேணுமே.”

“இன்னிக்கி டீச்சருக்குக் குடுத்தா நாளைக்கிக் கான்ட்ராக்டர் வந்து நிப்பான். அப்பறம் நல்ல சாமானும் கண்டம்னு வெளிய போகும். நான் கையெழுத்துப் போட்டா அது நெசமா இருக்கணும்.”

கல்லு மாதிரி மனுஷன் என்று நினைத்துக்கொண்டேன். இப்போது எனக்கு அப்பாவை விட வயது அதிகம். அவர் சொன்னதில் தப்பே இல்லை என்று தெரிகிறது. மூட்டை மூட்டையாகச் சாமான் நடந்து வெளியே போகிற இடம் அது, அங்கே நடக்க விடாமல் காவல் இருந்தவர் அவர். ஆனால் பதினோரு வயதில் எனக்கு டீச்சர்தான் கண்ணுக்குத் தெரிந்தார். டீச்சருக்கோ வேறு ஒன்று தோன்றியது. “பொம்பளப் புள்ள தனியாக் கப்பலேறி வேலைக்கு வந்தது உங்கப்பாவுக்குப் புடிக்கல போலருக்கு” என்றார். அதே வாரம் அப்பா வீட்டில் அம்மாவிடம், “அந்தப் பொண்ணு தைரியசாலி, நம்ம புள்ளையும் அப்படி வந்தாப் போதும்” என்று சொல்லிக்கொண்டிருந்தார். அதைக் கொண்டுபோய் டீச்சரிடம் சொல்லவேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. கோள் சொல்வதில் இருந்த சாமர்த்தியம் நல்லதைச் சொல்வதில் இல்லை.

டெலிபோன்களுக்கு நாள் குறித்தார்கள். பௌர்ணமிக்கு மறுநாள், காலை பத்து மணி. அப்பாவும் சாமான் தூக்க இரண்டு கலாசிகளும் சாட்சிக்கு இரண்டு குமாஸ்தாக்களும் மின்னி பேயில் படகு கட்டுகிற சின்ன ஜெட்டிக்குப் போனார்கள். டெலிபோன்களின் மரப்பெட்டிகளைச் சம்மட்டியால் அடித்து, உள்ளே இருந்த இரும்பையெல்லாம் தண்ணீரில் போட்டார்கள். தண்ணீர் ஜெட்டியின் பலகையைத் தொட்டுக்கொண்டு தளும்பியதாம். நல்ல ஆழமாகப் பார்த்துப் போட்டேன் என்று மத்தியானம் சாப்பிட வந்தபோது அப்பா நிம்மதியாகச் சொன்னார்.

என் வயதுக்காரர்களே, நீங்கள் இப்போது சிரிக்கிறீர்கள் என்று எனக்குத் தெரிகிறது. பௌர்ணமியை ஒட்டிக் காலை பத்து மணிக்குத் தண்ணீர் அவ்வளவு ஏறி நிற்கும் என்றால், சாயங்காலம் நாலு மணிக்கு அந்த இடத்தில் என்ன இருக்கும்? சேறு இருக்கும். முழங்கால் அளவு சேறும், அதில் துள்ளுகிற மீனும், ஒற்றைக் கொடுக்கு நண்டும் இருக்கும். அங்கே வளர்ந்த எந்தப் பிள்ளைக்கும் அது தெரியும். அப்பா சேலத்துக்காரர். அவர் ஆபீஸ் நேரத்தில் மட்டும்தான் கடலைப் பார்த்தவர்.

பள்ளிக்கூடம் விட்டதும் பாய் மகளும் நானும் ஓடினோம். சேறு பாவாடையைப் பிடித்து இழுத்தது. இரும்புக் குப்பை அங்கங்கே பாதி புதைந்து கிடந்தது. அநேகம் நசுங்கிப் போயிருந்தது. ஒன்றே ஒன்று மட்டும் கைப்பிடியோடு முழுசாக இருந்தது. ஐந்து லாடக் காந்தங்கள் தோளோடு தோள் சேர்த்து நின்றன. பாய் மகள் குனிந்தபோது அவள் தலையிலிருந்த கொண்டை ஊசி பறந்துபோய் அதில் ஒட்டிக்கொண்டது. “யா அல்லா!” என்று அலறியவள், அடுத்த நிமிஷம் என் ஊசியையும் பிடுங்கி ஒட்டிப் பார்த்தாள். எவ்வளவு சந்தோஷம் அன்றைக்கு! சேற்றிலேயே குதித்தோம்.

நல்ல தண்ணீரில் நாலு தரம் கழுவினோம். பிறகு அவள் வாப்பாவின் கொட்டகையில், கொப்பரைக்கு அடியில் புகைகிற தணலுக்கு மேலே ஒரு வாரம் ஒளித்து வைத்தோம். வெளியே வந்தபோது அது உலர்ந்து, தேங்காய் வாசனையோடு இருந்தது. டீச்சரிடம், “கடற்கரையில கெடந்துச்சு டீச்சர்” என்றோம். அதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. டீச்சர் எங்களை ஒரு பார்வை பார்த்தார். அதற்கு மேல் எதுவும் கேட்காமல் கைப்பிடியைச் சுற்றினார், இரண்டு கம்பியையும் தன் கையாலேயே தொட்டார், “அம்மாடி!” என்று உதறினார், பிறகு அழுதுகொண்டே சிரித்தார்.

மூன்று வாரம் வகுப்பு தேர்த்திருவிழாவாக நடந்தது. காகிதத்தின் மேல் இரும்புத் தூளைத் தூவித் தட்டினால் கோடு கோடாகப் பூப் பூத்தது. ஆணியைத் தேய்த்து எங்களுக்கெல்லாம் சொந்தக் காந்தம் செய்துகொண்டோம். அறை முழுக்கக் கொப்பரை வாசம். பசியோடு இருக்கிற பிள்ளைகளுக்கு வாயில் எச்சில் ஊறும்.

இன்ஸ்பெக்டர் வந்தார். தமிழர்தான், தடித்த கண்ணாடி, கடுகடுத்த முகம். டீச்சர் பன்னிரண்டு பிள்ளைகளைக் கை கோத்து அரைவட்டமாக நிறுத்தினார். ஒரு முனையில் நின்றவனிடம் ஒரு கம்பி, மறு முனையில் நின்ற என்னிடம் ஒரு கம்பி. இன்ஸ்பெக்டர், “நெஜமாவே கரண்ட் வருதாம்மா, இல்ல பசங்களுக்குச் சொல்லிக்குடுத்து வச்சிருக்கீங்களா?” என்று கேட்டார். டீச்சர் அமைதியாக, “நீங்களே நின்னு பாருங்க சார்” என்றார். அவர் எனக்கும் பாய் மகளுக்கும் நடுவில் புகுந்து கையைக் கொடுத்தார். டீச்சர் ஒரே சுற்று. மீதியை முதலிலேயே சொல்லிவிட்டேன். கீழே விழுந்த கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு அவர் சின்னப் பிள்ளை மாதிரி சிரித்தார். “இன்னொரு தரம் சுத்தும்மா” என்றார்.

இரண்டாவது தரம் சுற்றும்போதுதான் பக்கத்தில் குனிந்து பார்த்தார். இரும்பின் மேல் வெள்ளைப் பெயின்டில் ஒரு நம்பர். சிரிப்பு நின்றுவிட்டது.

“இது சர்க்கார் சொத்தாச்சே. இங்க எப்படி வந்துது?”

டீச்சர் முகம் வெளுத்தது. கடற்கரையில் கிடைத்தது என்று சொன்னார். சொல்லும்போதே அது எவ்வளவு நம்ப முடியாத பேச்சு என்று அவருக்கே தெரிந்தது. பெரிய சார் பதறி, ஸ்டோருக்கு ஆள் அனுப்பினார். கால் மணி நேரத்தில் வந்து நின்றவர் என் அப்பா.

அது அவர் போட்டது என்று சொன்னால், கடலில் போட்டு அழித்தேன் என்று அவர் போட்ட கையெழுத்து பொய்யாகும். இல்லை என்று சொன்னால், டீச்சர் ஸ்டோரிலிருந்து திருடியதாக ஆகும். அப்பா நம்பரைத் தடவிப் பார்த்தார்.

“இது நான் கடல்ல போட்டதுதான் சார்.”

“கடல்ல போட்டது எப்படிய்யா கிளாஸ் ரூமுக்கு வரும்?”

அப்பாவுக்கு விளங்கவில்லை. நான் எழுந்து நின்றேன். “நாந்தாம்ப்பா எடுத்தேன். அன்னிக்கி சாயங்காலமே. தண்ணி வத்தினப்பறம்.”

அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். கோபம் இல்லை. உண்மையான ஆச்சரியம்.

“அங்க அவ்வளவு வத்துமா?”

நாற்பது பிள்ளைகளும் கொல்லென்று சிரித்துவிட்டோம். “வத்தும் சார்! ஜெட்டிக்கு அடியில நடக்கலாம் சார்!” என்று ஆளுக்கு ஆள் கத்தினார்கள். இன்ஸ்பெக்டர் சிரிப்பை அடக்கக் கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டார். அப்பா மட்டும் சிரிக்கவில்லை. நிமிர்ந்து நின்று சொன்னார்:

“தப்பு என் பேர்ல சார். ஆழம்னு நெனச்சுப் போட்டேன், கடல் எனக்குத் தெரியல. டீச்சர் மேல ஒண்ணும் இல்ல. அவங்க மொறையா லெட்டர் குடுத்துக் கேட்டாங்க, நான்தான் தரமாட்டேன்னு சொன்னேன்.”

டீச்சர் அப்பாவையே பார்த்துக்கொண்டு நின்றார்.

இன்ஸ்பெக்டர் கைக்குட்டையை மடித்துப் பைக்குள் வைத்தார். பாடம் நன்றாக நடக்கிறது, போஸ்ட் இந்த வருஷம் இருக்கட்டும் என்றார். முழுப்பரீட்சையில் பிள்ளைகள் மின்சாரத்தில் எப்படி எழுதுகிறார்கள் என்று பார்த்து நிரந்தரம் செய்யலாம். ஆனால் கண்டமான சாமான் வகுப்பில் இருக்கக் கூடாது. மறுபடியும் கடலில் போட்டுவிட்டு எழுதிக் கொடுக்க வேண்டும். “சரிங்க சார்” என்றார் அப்பா. மின்சாரத்தில் இன்னும் நான்கு பாடம் பாக்கி இருந்தது. எதை வைத்து நடத்துவது? டீச்சர் மேசையில் இருந்த இரும்புத் தூளை விரலால் கூட்டிக்கொண்டே இருந்தார், எங்களைப் பார்க்கவில்லை.

அன்று சாயங்காலம் அப்பா என்னை அடிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. “நாளைக்கித் தண்ணி எப்ப ஏறும், எப்ப வத்தும்?” என்று கேட்டார். இந்தத் தரம் ஒழுங்காகத் தொலைக்கப் போகிறார் என்று நினைத்தேன். பொய் சொல்லலாமா என்றுகூடப் பார்த்தேன். அந்த மனுஷன் வகுப்பில் நின்ற நிலையைப் பார்த்த பிறகு எனக்கு வாய் வரவில்லை. “காலையில பதினொண்ணுக்கு ஏறும்ப்பா. சாயங்காலம் அஞ்சுக்கு வத்தும்” என்றேன், அழுகையை அடக்கிக்கொண்டு.

மறுநாள் விடாத மழை. மத்தியானம் அப்பா சொட்டச் சொட்ட நனைந்து வீட்டுக்கு வந்தார். அம்மா, “ரெயின்கோட்டு எங்கீங்க? காலையில போட்டுக்கிட்டுத்தானே போனீங்க?” என்று கேட்டாள். ஆபீஸில் மறந்துவிட்டேன் என்று முனகினார். அப்பா எதையும் மறந்து நான் பார்த்ததில்லை. சாப்பிட்டுவிட்டு, ரிப்போர்ட்டை எங்களுக்குப் படித்துக் காட்டினார். மேற்படி சாமான் இரண்டு சாட்சிகளின் முன்னிலையில் இன்று காலை பதினொரு மணிக்குக் கடலில் போடப்பட்டது. கீழே கையெழுத்து.

சாயங்காலம் ஐந்து மணிக்கு நானும் பாய் மகளும் சும்மா போய்ப் பார்த்தோம். சேறு வெறுமையாகக் கிடந்தது. திரும்பும்போது அவள்தான் ஜெட்டியின் கடைசித் தூணைக் காட்டினாள். அதன் அடியில், நாங்கள் நடந்து போகக்கூடிய இடத்தில், ஒரு தேங்காய்நார்க் கயிறு சுற்றியிருந்தது. கயிற்றின் மறுமுனையில் ஒரு மூட்டை. சணல் சாக்கை அவிழ்த்தோம். உள்ளே அப்பாவின் ரப்பர் ரெயின்கோட், கைகள் இரண்டையும் இழுத்து முன்னால் முடிச்சுப் போட்டு, குழந்தையைப் பொதிந்த மாதிரி இறுக்கிக் கட்டியிருந்தது.

டெலிபோன் இரும்பை ரெயின்கோட்டோடு டீச்சர் தங்கியிருந்த அறைக்குக் கொண்டுபோய்க் கொடுத்தோம். அவர் ரெயின்கோட்டை நன்றாகத் துடைத்து மடித்து என்னிடம் தந்தார். அந்த வருஷம் மின்சாரத்தில் எங்கள் வகுப்பில் ஒருவர்கூடத் தவறவில்லை, கணக்கில் மட்டமான நான் உட்பட. டீச்சர் நிரந்தரமாகி, தலை நரைக்கும்வரை போர்ட் பிளேரிலேயே இருந்தார்.

ஆனால் எனக்கு நினைவில் நிற்பது அந்தச் சாயங்காலம்தான். ரெயின்கோட்டைப் பாவாடைக்குள் மறைத்துக்கொண்டு பின்வாசல் வழியாக வீட்டுக்குள் வந்தேன். அம்மா அடுப்படியில் இருந்தாள். அப்பா துண்டைப் போர்த்திக்கொண்டு, தும்மிக்கொண்டே, ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்க்காமல், மழையைப் பார்த்துக்கொண்டே மெதுவாகக் கேட்டார்.

“நனஞ்சுதா?”

“இல்லப்பா. பொட்டுத் தண்ணி போகல.”

“ம்” என்றார். இன்னொரு தரம் தும்மினார்.